ஏழாம் தரம்

ரெஜான் லெசார் சுவரை இடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஜூலை முதல் தேதிக்குள்.

வாக்கு ஜிலேனுக்கு. ஜிலேன் ஷெர்புரூக்கில் இருந்தாள். கணவனை இழந்தவள், அறுபத்தாறு வயது, வாடகை வீடு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எல்லோருடைய வாடகை ஒப்பந்தமும் முடிகிற அதே நாளில் அவளுடையதும் முடிகிறது. அன்று அவள் தெட்ஃபோர்டில் ரெஜானின் வீட்டுக்கு, அவரோடு சேர்ந்து வாழ, குடிவருவதாகப் பேச்சு. அவளோடு ஒரு மேசையும் வரும்.

மேசை பதினொரு அடி நீளம். இழுத்து மூடிய கன்னியர் மடம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் கிடந்தது. கன்னியர்கள் எதிரெதிரே உட்கார்ந்து கதை பேசுவதில்லை. ஒரே பக்கமாக வரிசையில் உட்கார்வார்கள். அதனால் அகலம் இரண்டரை அடிதான். ஆணி கிடையாது, எல்லாம் மரமுளை. பிரிக்க முடியாது. ஜிலேனுக்கு மூன்று பெண்கள், எட்டுப் பேரப்பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம்.

"நானும் மேசையும் ஒண்ணாத்தான் வருவோம்," என்று பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டாள்.

ரெஜானின் வீட்டில் சமையலறை பத்தடி. கூடம் பத்தடி. நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு கதவு. சுவர் போனால் இருபதடி. பள்ளிக்கூடத்தில் ரெஜானுக்கு இந்த அளவு கணக்கு வந்தது.

அவர் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் முப்பத்துநாலு வருடம் வேலை செய்தவர். எழுபத்தோரு வயதிலும் சம்மட்டி தூக்குவார். ஜூன் பதினாலு, சனிக்கிழமை என்று நாள் குறித்து நாலு நண்பர்களைக் கூப்பிட்டார். அந்த ஊரில் ஒருவன் சுவர் இடிக்கிறான் என்றால் நாலு பேர் சம்மட்டியோடு வருவார்கள். அவன் பீரும், பன்றிக்கொழுப்புப் போட்டு வேகவைத்த பீன்ஸும் தருவான். அடுத்த மாதம் அவன் இன்னொருவன் கூரையில் ஏறி நிற்பான். இதெல்லாம் சொல்லாமலே நடக்கிற காரியங்கள்.

சொல்லாமலே இருந்திருக்கலாம். யாரோ சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை மாலை கொலெட் வந்து வாசலில் நின்றாள், கையில் பெட்டியோடு.

கொலெட், ரெஜானின் இறந்துபோன மனைவி லீஸின் தங்கை. பழைய கட்டடங்களில் கல்நார் இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. கல்நாரைத் தோண்டித் தின்று வளர்ந்த ஊரில் கல்நாரைத் தேடுகிற வேலை. மீன் சந்தையில் மீன் வாடை பிடிக்க ஆள் வைத்த மாதிரி என்பார் ரெஜான்.

"கிளெமான் சொன்னானா?" என்று கேட்டார். கிளெமான் அந்த நாலு பேரில் ஒருவர்.

"அவர் பொண்டாட்டி சொன்னா. மளிகைக் கடையில, வெண்ணெய் எடுக்கிற இடத்துல." கொலெட் பெட்டியைக் கீழே வைத்தாள். "வீடு எந்த வருஷம் கட்டினது அத்தான்?"

"தெரியாத மாதிரி கேக்கறே. உங்க அக்காவைக் கட்டின வருஷம்."

"அறுபத்தெட்டு." எழுதிக்கொண்டாள். "எண்பதுக்கு முந்தின சுவத்துப் பட்டி. அதுல கல்நார் கலந்திருக்கலாம். பாக்காம இடிக்கக் கூடாது."

"பாக்கணும், அவ்வளவுதானே? நானே பாத்துச் சொல்றேன்."

ரெஜான் மின்சுவிட்சின் மூடியைக் கழற்றினார். ஜிப்சம் பலகைகள் சேருகிற மூட்டில் காய்ந்து கிடந்த பட்டியை நகத்தால் சுரண்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். இழுத்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். ஆலையில் நார் பார்த்தவர்கள் பார்க்கிற முறை அது. நல்ல நார் பஞ்சு மாதிரி இழுபடும். விரலை விட்டுப் போக மனசில்லாமல் போகும்.

"ஒண்ணும் வரல. இது வெறும் மாவு," என்று விரலை ஊதினார்.

கொலெட் அதற்குள் மூன்றடி பின்னால் போயிருந்தாள். "ஊதாதேன்னு சொல்ல வாயெடுத்தேன்."

"ஊதிட்டேனே."

"பாத்தேன்."

அவள் முகக்கவசம் போட்டுக்கொண்டு அவருக்கும் ஒன்று கொடுத்தாள். அவர் அதை நெற்றியில் மாட்டிக்கொண்டார். சுவரில் தண்ணீர் தெளித்து, நனைந்த இடத்தில் நகமளவு வெட்டி, சின்னப் பையில் போட்டு மூடி, எண் எழுதினாள். கத்தியை ஈரக் காகிதத்தால் துடைத்துவிட்டு அடுத்த இடம். மூன்று இடம். ஓட்டைகளை நாடா ஒட்டி மூடினாள். தரையை ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு, "கையைக் காட்டு," என்று சொல்லி அவர் கட்டைவிரலையும் துடைத்தாள்.

"முப்பத்துநாலு வருஷம் இதைத் தின்னிருக்கேன்," என்றார் ரெஜான். "மத்தியானம் ரொட்டியில படிஞ்சிருக்கும். தட்டிட்டுத் தின்போம். எப்படி இருக்கேன் பாரு."

"மூட்டை கட்டற இடத்துல எத்தனை பேர் இருந்தீங்க?"

"பதினொரு பேர்."

"இப்போ?"

"ஆறு பேர் இருக்கோம்." பெருமையாகத்தான் சொன்னார்.

"மீதி அஞ்சு பேர் ஃப்ளோரிடாவுக்குப் போயிட்டாங்களா?"

"ஒருத்தன் பனி வண்டியை மரத்துல விட்டான்."

"அப்ப நாலு."

ரெஜான் அடுப்படிக்குப் போனார். காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்.

"சனிக்கிழமை காலைல ஆய்வகத்துல சொல்லிடுவாங்க," என்றாள் கொலெட். "அதுவரைக்கும் ஒரு ஆணிகூட அடிக்காதே."

சனிக்கிழமை எட்டு மணிக்கு முதலில் வந்தவள் கொலெட்தான். ஒரு நாற்காலியை இழுத்துச் சுவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். மடியில் கைபேசி. கொஞ்ச நேரத்தில் நாலு பேர் வந்தார்கள். கிளெமான் சொந்தச் சம்மட்டி கொண்டுவந்திருந்தார். ஆலையில் ரெஜானுக்குப் பக்கத்தில் நின்றவர், இப்போது பக்கத்து வீடு.

"என்னடா இது, சுவருக்கு முன்னாடி மாதா சிலை?" என்றார்.

"முடிவு வரணுமாம்," என்றார் ரெஜான்.

"மெழுகுவத்தி ஏத்தி வைக்கலாமா?"

"வை, வை," என்றார் இன்னொருவர். "சுவத்துல அது இருந்தா தீப்பிடிக்காது."

எட்டரைக்கு முதல் பீர் திறந்தது. ஒன்பது பத்துக்குக் கைபேசி அடித்தது. கொலெட் எடுத்தாள். "ம்," என்றாள். "ம். மூணுலயுமா?" வைத்தாள்.

"மூணு மாதிரியிலயும் இருக்கு. மூணு சதவீதம்."

ரெஜான் சம்மட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு, அந்த ஊரைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் யாரும் கேட்டிருக்க முடியாத கேள்வியைக் கேட்டார்.

"என்ன தரம்?"

"தரமெல்லாம் சொல்ல மாட்டாங்க அத்தான். இருக்கா, இல்லையா, எவ்வளவு. அவ்வளவுதான்."

"நீளம் தெரிஞ்சிருக்குமே."

"குட்டை. ரொம்பக் குட்டை. கட்டைவிரலுக்குத் தெரியாது. நுண்ணோக்கிக்குத்தான் தெரியும்."

கிளெமான் பீரைக் கீழே வைத்தார். "ஏழாம் தரம்," என்றார்.

ஆலையில் நாரைச் சல்லடை சல்லடையாகச் சலிப்பார்கள். மேலே நிற்கிற நீள நார் துணி நெய்யப் போகும். அதற்குக் கீழே கூரைத் தகட்டுக்கு, அதற்கும் கீழே அட்டைக்கு. எல்லாச் சல்லடையிலும் நழுவிக் கடைசியில் விழுகிற பொடிதான் ஏழு. அதைக் கல்நார் என்று சொன்னால் ஆலைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். அதையும் பட்டி செய்கிறவர்கள் லாரி லாரியாக வாங்கிப் போனார்கள், பட்டியில் விரிசல் விழாமல் இருக்க. அறுபத்தேழிலிருந்து எழுபத்தெட்டு வரை அந்த ஆலையில் ஏழாம் தரத்தை மூட்டை கட்டியவர் ரெஜான் லெசார்.

"பெருசு," என்றார் கிளெமான். "நீ கட்டி அனுப்பின மூட்டை. மொன்றியால் வரைக்கும் போய், வாளியில அடைச்சு, வழி கேட்டுக் கேட்டு உன் வீட்டுக்கே வந்திருக்கு."

"கொலெட், அதுல இவன் கையெழுத்து இருக்கான்னு பாரு," என்றார் இன்னொருவர்.

"ஏழாம் தரமெல்லாம் கல்நாரே இல்ல," என்றார் ரெஜான். "அது பெருக்கி எடுத்தது." நாற்பது வருடமாகச் சொல்கிற வசனம். இந்தத் தடவை அதற்குச் சத்தம் வரவில்லை.

"மூணு சதவீதம்தானே," என்றார் கிளெமான். "பாக்கி தொண்ணூத்தேழு நல்ல சுவரு. அதை மட்டும் இடிப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். ரெஜான் சிரிக்கவில்லை. சம்மட்டியைத் தூக்கினார்.

"எந்திரி கொலெட்."

"மாட்டேன்."

"ஜூலை ஒண்ணாம் தேதி அவ வர்றா. மேசையோட."

"தெரியும்."

"அவ வரக்கூடாதுன்னுதான் இங்க உக்காந்திருக்கே. உங்க அக்கா இருந்த வீடுன்னு."

நாலு பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். கொலெட் மட்டும் ரெஜானைப் பார்த்தாள்.

"அக்கா இருந்தா அந்தச் சுவரை அவளே எப்பவோ இடிச்சிருப்பா. உன்னைக் கேட்டிருக்க மாட்டா. ஜிலேன் வந்தா எனக்கு நல்லது. பத்து வருஷமா ஞாயித்துக்கிழமை உனக்கு சூப்பு வெச்சுத் தூக்கிட்டு வர்றவ நான்." குடுவையைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டாள். "அவளோட கடைசிப் பேரனுக்கு என்ன வயசு?"

"எட்டு மாசம்."

"நடக்கறானா?"

"தவழறான்," என்றார் ரெஜான். தரையைப் பார்த்தார். சம்மட்டி மெதுவாகக் கீழே இறங்கியது.

பிறகு கொலெட் சொன்னாள். சுவர் முழுசாக நிற்கிறவரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை; தூள் பறந்து நுரையீரலுக்குள் போனால்தான் ஆபத்து. துளை போடக் கூடாது, தேய்க்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று உரிமம் வாங்கிய ஆட்கள் வருவார்கள். அறையைப் பிளாஸ்டிக் விரிப்பால் கூடாரம் மாதிரி மூடி, காற்றை வடிகட்டி வெளியே இழுத்து, நனைத்து நனைத்து எடுத்து, இரட்டைப் பையில் கட்டுவார்கள். காற்றைச் சோதித்த பிறகுதான் வீட்டுக்காரன் உள்ளே வரலாம்.

"பையில கட்டறதுக்கு வேணும்னா ரெஜானைக் கூப்பிடச் சொல்லு," என்றார் கிளெமான். "அனுபவம் இருக்கு."

"எப்ப வருவாங்க?" என்று கேட்டார் ரெஜான்.

"நேத்தே கேட்டு வெச்சேன். ஆகஸ்ட் பதினெட்டு."

ரெஜான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

ஒத்தாசைக்கு வந்தவர்கள் வேலை செய்யாமல் பீன்ஸ் தின்றால் அது பிச்சை. நாலு பேருக்கும் அது ஒப்பவில்லை. சுவரைத் தேய்க்காமல் மேலே வண்ணம் பூசலாமா என்று கிளெமான் கேட்டார். பூசலாம், நல்லதும்கூட, நாடா ஒட்டின இடமெல்லாம் மூடிக்கொள்ளும் என்றாள் கொலெட். கொட்டகையில் படகுக்கு வாங்கிய வண்ணம் ஒரு வாளி இருந்தது. பச்சை. மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் இரண்டு பூச்சு ஆயிற்று. இடிக்க வந்தவர்கள் சுவரை அலங்கரித்துவிட்டு, கைகழுவி, பீன்ஸ் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஜிலேன் தினமும் மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவாள். அன்றும் கூப்பிட்டாள்.

"சுவர் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றார் ரெஜான். அது பொய் இல்லை.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தார். மறுநாள் அவள், தன் வீட்டைப் பார்க்க அடுத்த குடித்தனக்காரர்கள் வந்து ஜன்னலை அளந்துகொண்டு போனதைச் சொன்னாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஷெர்புரூக்கில் கல்நார் என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அவளுடைய மூத்த பெண் ஆஸ்பத்திரியில் தாதி. ஒரு வார்த்தை போதும். ஜிலேன் வரமாட்டாள். வீட்டையும் விட்டுவிட்டாள். மேசையோடு நடுத்தெருவில் நிற்பாள், அவரால்.

"சொல்லிட்டியா?" என்று கொலெட் தினமும் கேட்டாள்.

"வார்த்தை தேடிட்டிருக்கேன்."

"நல்ல நீளமா தேடு," என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் கிளெமான். "குட்டையா இருந்தா இவளே கண்டுபிடிச்சிருவா."

முப்பதாம் தேதி ஏழு மணிக்கும் தொலைபேசி அடித்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு லாரி," என்றாள் ஜிலேன்.

"ஜிலேன்..."

"என்ன?"

"மழை வருமாம்."

"வரட்டும்."

மழை வந்தது. லாரியும் வந்தது. அன்றைக்கு மாகாணமே வீடு மாறுகிறது. லாரிக்காரனுக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தான். அதே நாலு நண்பர்கள் மேசை தூக்க வந்திருந்தார்கள். கொலெட் ஒரு பழைய கம்பளியோடு வந்திருந்தாள், எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

ஜிலேன் குடையை மடக்கி உள்ளே வந்தாள். கூடத்தின் நடுவில் நின்றாள். எதிரில் பச்சையாகப் பளபளவென்று சுவர்.

"இந்த வண்ணத்தை எவன் தேர்ந்தெடுத்தான்?" என்றாள்.

ரெஜான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். பட்டி, மூன்று சதவீதம், ஏழாம் தரம், தான் கட்டிய மூட்டை, ஆகஸ்ட் பதினெட்டு. நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் ஏதாவது சொல்லிவிடுவாள்.

"பதினேழு நாளா உனக்குத் தெரியும்," என்றாள் ஜிலேன்.

"தெரியும்."

"பதினேழு நாளும் சுவர் எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"நல்லா இருக்குன்னு சொன்னேன். நல்லாத்தானே இருக்கு."

கிளெமான் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஜிலேன் கொலெட்டிடம் திரும்பினாள். "எனக்கு நேரா சொல்லு. பிள்ளைங்க வரலாமா?"

"வரலாம். சுவர் முழுசா இருக்கு, பூச்சும் இருக்கு. யாரும் அதை நோண்டாம இருந்தா போதும். சுவரால ஆபத்து இல்ல."

"பின்னே எதால?"

"அத்தான் கையால."

"அது எனக்குத் தெரிஞ்ச ஆபத்து," என்றாள் ஜிலேன். ரெஜானின் பக்கம் பார்க்கவில்லை. "கல்நாருக்கெல்லாம் நான் பயந்தவ இல்ல ரெஜான். எங்கப்பா வீட்டுக் கொதிகலனைச் சுத்தி அதான் இருந்தது. நீ வாயைத் திறக்கலையே, அதுதான்."

ரெஜான் வாயைத் திறந்தார். லாரிக்காரன் ஒலிப்பானை அடித்தான்.

"அம்மா, மேசையை மழையில இறக்கவா, வீட்டுக்குள்ள இறக்கவா?"

மேசை வாசல் வழியாக நேராக உள்ளே வந்தது. ரெஜானும் கிளெமானும் முன்னால். மூலைக்கு மூலை போட்டுப் பார்த்தார்கள். சோபாவுக்கும் பெட்டிகளுக்கும் இடமில்லை, பிறகு கால் வைக்கவும் இடமில்லை. எதிரே சமையலறைக் கதவு நேர்க்கோட்டில் இருந்தது. அங்கேதான் தள்ள வேண்டும்.

"நில்லுங்க," என்றாள் கொலெட். கதவை அலாக்காகத் தூக்கிக் கீலிலிருந்து கழற்றினாள். கம்பளியை இரண்டாகக் கிழித்து நிலையின் இரண்டு பக்கமும் சுற்றிக் கட்டினாள். "இப்ப போங்க. உரசக் கூடாது. உரசினா ஆகஸ்டே வேணாம், நானே உங்களைப் பையில கட்டிடுவேன்."

மேசை நிலைக்குள் நுழைந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு விரல் இடைவெளி. ஆறடி போனதும் அடுப்பில் முட்டியது. பின்னால் வரலாம் என்றால் அதற்குள் லாரிக்காரன் பெட்டிகளை மலை மாதிரி குவித்துவிட்டுக் கிளம்பியிருந்தான். ரெஜான் மாதாகோவில் பூசைப் பாத்திரங்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அந்த ஊரில் வசவு அதுதான். மேசையைக் கீழே வைத்தார்கள்.

சமையலறையில் ஆறடி மேசை. கூடத்தில் ஐந்தடி மேசை. நடுவில் சுவர், அசையாமல்.

ஜிலேன் ஒரு நாற்காலியை இழுத்தாள். கூடத்துப் பக்கத்து முனையில் உட்கார்ந்தாள். மரத்தில் மழைத்துளியைக் கையால் வழித்துவிட்டாள். பதினொரு அடிக்கு அப்பால், கதவில்லாத நிலைக்குள், ரெஜான் நனைந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஆடுதா?" என்றாள்.

ரெஜான் அழுத்திப் பார்த்தார். "ஆடல."

"அப்ப இங்கயே இருக்கட்டும். ஆகஸ்ட் பதினெட்டு வரைக்கும்."

"எப்படிப் போய்வர்றது?"

"பின்வாசல் இருக்கே. சுத்தி வா."

ரெஜான் யோசித்தார். "படுக்கையறை உன் பக்கம் இருக்கு."

"ஆமா. அடுப்பு உன் பக்கம் இருக்கு."

நண்பர்களுக்குத் திடீரென்று ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்தது. கிளெமான் பின்வாசல் வழியாகப் போனார். மற்றவர்கள் முன்வாசல் வழியாக. கொலெட் மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிலையில் கட்டின கம்பளியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை சூப்பு கிடையாது அத்தான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரெஜான் முட்டை பொரித்தார். பன்றி இறைச்சியை வறுத்தார். ரொட்டியைச் சுட்டார். தட்டை மேசையில் வைத்துத் தள்ளினார். கன்னியர்கள் நூறு வருடம் துடைத்துத் துடைத்து வழவழப்பாக்கிய பலகை. தட்டு நன்றாகத்தான் போனது. நிலைக்குக் கீழே போய் நின்றது. ஜிலேனுக்கு எட்டவில்லை. அவருக்கும் எட்டவில்லை. நடுவில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

"எட்டலையே," என்றாள் ஜிலேன். எழுந்து எட்டி எடுக்கிற யோசனை அவளுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

ரெஜான் இன்னொரு தட்டில் முட்டை பொரித்தார். அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தார். பின்கதவைத் திறந்து மழையில் இறங்கினார். கிளெமானின் ஜன்னலில் திரை விலகியது. ரெஜான் அந்தப் பக்கம் பார்க்காமல் வீட்டைச் சுற்றி வந்து, தன் வீட்டு முன்கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றது குரல்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"ரெஜான் லெசார்."

"என்ன விஷயமா வந்தீங்க?"

மழை சட்டைக் காலருக்குள் இறங்கியது. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். பதினேழு நாள் தேடிக் கிடைக்காத வார்த்தை அந்த இடத்திலும் உடனே வரவில்லை.

"சொல்லாம இருந்தது தப்பு," என்றார். "குடிவந்திருக்கேன்."

தாழ்ப்பாள் விலகியது.